ரேடியேட்டர் ஃபேனுக்குக் கை சுவிட்ச்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்காரங்க கேள்வியும் பதிலும்

பங்குனி வெயில் தொடங்கினதுமே கேள்வி குவிய ஆரம்பிச்சுட்டு. எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டின எம்.ஜி.பி., ஸ்பிட்ஃபயர்ங்கிற பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் வண்டிகளுக்கு டாஷ்போர்டுல சுவிட்ச் வைக்கிறது பத்தித்தான் பாதிக்கு மேல. கேட்டதுல மத்தவங்களுக்கும் உதவுறதை எடுத்துப் பதில் சொல்லுதேன்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, என்னோடது 1972 எம்.ஜி.பி. எலெக்ட்ரிக் ஃபேன் போட்டாச்சு, ரேடியேட்டர்ல சூடு ஏறினா ஃபேனைத் தானா ஓட்டுற தெர்மோ சுவிட்சும் இருக்கு. ஆனித் தேரோட்டம் அன்னைக்கு டவுன் ஆர்ச் பக்கம் மாட்டிக்கிட்டேன். சூடு காட்டுற முள் ஏறிக்கிட்டே போச்சு, ஃபேன் ரொம்ப லேட்டாத்தான் சுத்துச்சு. பேட்டரில இருந்து ஃபேனுக்குப் போற வயரை வெட்டி நடுவுல ஒரு சுவிட்ச் வச்சா போதுமா?

போதாது தம்பி. அப்படி வச்சா, சுவிட்ச் போட மறந்த அன்னைக்கு தெர்மோ சுவிட்ச் ஒழுங்கா வேலை செஞ்சும் ஃபேன் சுத்தாது. கை சுவிட்சுக்கு ஃபேனை ஓட்டுற அதிகாரம் மட்டும்தான் இருக்கணும், நிறுத்துற அதிகாரம் இருக்கக் கூடாது. அதனால தெர்மோ சுவிட்சுக்கு சீரிஸ்ல (ஒண்ணு பின்னால ஒண்ணா) வைக்காதிய, பேரலல்ல (பக்கத்துல தனி வழியா) வையுங்க. ரெண்டுல எது ஆன் ஆனாலும் ஃபேன் ஓடும்.

அடுத்தது கரண்ட். இந்த மாதிரி ஃபேன் ஓடும்போது 10 ஆம்ப் பக்கம் இழுக்கும், கிளம்புற நொடியில அதுல ரெண்டு மூணு மடங்கு. அத்தனையையும் டாஷ்போர்டு வரைக்கும் கொண்டு வந்து ஒரு சின்ன டாக்கிள் சுவிட்ச் வழியா விட்டா, கொஞ்ச நாள்ல உள்ள கருகி, கை வச்சா சுடும். கடையில நாலு முனை ஹெட்லைட் ரிலே கேளுங்க, சின்னக் கரண்டை வச்சுப் பெரிய கரண்டை ஆன் பண்ணுற சுவிட்ச் அது. மேல 30 ஆம்ப்னு அச்சடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க. அடியில 30, 87, 85, 86னு நாலு நம்பர் இருக்கும்.

30-க்கு பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து நேரா வயர், நடுவுல 20 ஆம்ப் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளயே இருக்கணும், ஏன்னா அதுக்கு முந்தின வயருக்குக் காவல் கிடையாது. 87-ல இருந்து ஃபேனோட பாசிட்டிவ், ஃபேன் நெகட்டிவ் பாடி எர்த், அதாவது வண்டியோட இரும்பு உடம்புல. இந்த ஓட்டம் முழுக்க 2.5 சதுர மி.மீ. வயர். 86-க்கு ஃபியூஸ் பாக்ஸ்ல இருந்து பச்சை வயர் ஒண்ணு எடுங்க. இந்த வண்டிகள்ல வர்ற லூகாஸ் கம்பெனி வயரிங்ல பச்சைன்னா சாவி போட்டா மட்டும் வர்ற, ஃபியூஸ் தாண்டின கரண்ட். பழுப்பு எப்பவும் உயிரோட இருக்கும், கறுப்பு எர்த். கடைசியா 85. அதுல இருந்து ரெண்டு கிளை: ஒண்ணு தெர்மோ சுவிட்சுக்கு, ஒண்ணு டாஷ்போர்டு சுவிட்சுக்கு. ரெண்டோட மறுமுனையும் எர்த். இதுல ஓடுறது 0.2 ஆம்ப் கூட இல்லை, 1 சதுர மி.மீ. வயரே தாராளம்.

சுவிட்சை எதுக்கு எர்த் பக்கம் வைக்கச் சொல்லுதேன்னா, டாஷ்போர்டுக்குப் போற வயர் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்குற தகடு) ஓட்டையில உரசி உரசித் தோல் உரியும், இன்னைக்கு இல்லைன்னாலும் என்னைக்காவது. பாசிட்டிவ் வயரா இருந்தா பாடியில பட்டதும் பொறி பறக்கும். இதுல பட்டா ஃபேன் சும்மா ஓடும், அவ்வளவுதான். ஆனாலும் ஓட்டையில குரோமெட்ங்கிற ரப்பர் வளையம் போடாம விட்டுராதிய.

ஃபேன் லேட்டா வருதுன்னு சொன்னீங்களே, தெர்மோ சுவிட்ச் ரேடியேட்டரோட கீழ் டாங்க்ல இருக்கான்னு பாருங்க. அங்க வர்றது ஆறின தண்ணி, எஞ்சின் கொதிக்கிறது அதுக்குப் பையத்தான் தெரியும். சுவிட்ச் மேலயே ‘92-87’னு அடிச்சிருந்தா 92 டிகிரியில ஓடி 87-ல நிக்கிற ரகம். கீழ் டாங்க்ல இருந்தா அதை விடக் குறைஞ்ச ரகம் போடலாம்.

எல்லாம் முடிஞ்சதும் ஃபேனை ஓட விட்டு, மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ்லயும் இன்னொண்ணை ஃபேன் பாசிட்டிவ்லயும் வையுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எங்கயோ லூஸ் கனெக்‌ஷன், இல்லைன்னா வயர் மெலிசு. 1 சதுர மி.மீ. வயர்ல 10 ஆம்ப் 5 மீட்டர் ஓடினாலே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் போயிரும். எர்த் பக்கமும் இதே மாதிரி அளந்து பாருங்க. பெயின்ட் மேல எர்த் லக்கை முடுக்கி வச்சுட்டு மோட்டார் சரியில்லைன்னு சொல்லுதவங்கதான் நிறைய.

மேலப்பாளையம்: என் வண்டி 1965 எம்.ஜி.பி., பாசிட்டிவ் எர்த். மேல சொன்னதை அப்படியே செய்யலாமா பாய்?

அப்படியே செஞ்சா ஃபேன் சுத்தவே சுத்தாது, பேட்டரி பக்கத்தை மட்டும் மாத்தி ஃபேன் வயரை மாத்தாம விட்டா தலைகீழாச் சுத்தும். 1967 வரைக்கும் வந்த எம்.ஜி.பி.யில பேட்டரி பாசிட்டிவ்தான் பாடியில இருக்கும். அதனால ஃபியூஸும் 30-ம் பேட்டரி நெகட்டிவ் பக்கம். ஃபேனோட கறுப்பு வயர் 87-க்கு, சிவப்பு வயர் பாடிக்கு. உள்ளுக்குள்ள டயோடு (கரண்டை ஒரே திசையில விடுறது) வச்ச ரிலே வாங்கிராதிய, அது எந்தப் பக்கம் பாசிட்டிவ்னு பாக்கும். சாதா ரிலேக்கு அந்தக் கவலை இல்லை. முடிச்சதும் ரேடியேட்டருக்கு முன்னால ஒரு ஊதுபத்தியைக் காட்டுங்க. புகை எஞ்சின் பக்கமா உள்ள போகணும். வெளிய தள்ளினா, வண்டி ஓடுறப்ப வர்ற எதிர்க்காத்தோட ஃபேன் மல்லுக்கட்டும்.

தென்காசி: சுவிட்ச் வச்ச பிறகு ஒரு கூத்து. சாவியை எடுத்தாலும் எஞ்சின் ரெண்டு மூணு நொடி ஓடிட்டுத்தான் நிக்குது. பேய் பிடிச்சிருக்கான்னு வீட்ல கேக்காங்க.

பேய் இல்லை, ஃபேன்தான். ரிலே இல்லாம இக்னிஷன் வயர்ல இருந்தே ஃபேனுக்குக் கரண்ட் எடுத்திருப்பிய. அது காந்தம் வச்ச மோட்டார். சாவியை எடுத்த பிறகும் வேகத்துல சுத்திக்கிட்டே இருக்கும், அந்த நேரம் அதுவே கரண்ட் கிளப்புற ஒரு குட்டி டைனமோ. அது கிளப்புற கரண்ட் அதே வயர் வழியாத் திரும்பி இக்னிஷன் காயிலுக்குப் போகுது, பிளக் பொறி விடுது. ரிலே போட்டு ஃபேனை பேட்டரிக்கு நேரா மாத்துங்க, சரியாயிரும்.

வள்ளியூர்: நாலு வழிச்சாலையில 80-ல போகும்போது முள் சிவப்புக்குப் போகுது. சுவிட்சைப் போட்டும் இறங்கலை. பெரிய ஃபேன் வாங்கவா?

வேண்டாம், காசு மிச்சம். 60-க்கு மேல போற வண்டிக்கு ஃபேனே தேவையில்லை, எதிர்க்காத்து போதும். அதுவும் நீங்க ஆரல்வாய்மொழிக் காத்துல ஓட்டுதிய. அங்க அத்தனை காத்தாலை சுத்துது, உங்க ரேடியேட்டருக்குக் காத்து பத்தலைன்னா யாரு நம்புவா?

நிக்கும்போது மட்டும் சூடேறினா ஃபேன் பக்கம் பாருங்க. ஓடும்போது ஏறினா ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் வால்வு, பெல்ட், பிரஷர் தாங்காத மூடி, பின்தங்கின டைமிங் (பிளக் பொறி லேட்டா விழுறது) இதுல ஒண்ணுதான். ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் போர் தண்ணி உப்பு. அதையே வருஷக்கணக்கா ஊத்தியிருந்தா ரேடியேட்டர் டியூப்ல காரை கட்டியிருக்கும். முதல்ல ரேடியேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க, பிறகு டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி ஊத்துங்க. கை சுவிட்ச் வந்த பிறகு நிறையப் பேர் இந்த வியாதியை மறைச்சே வண்டி ஓட்டுதாங்க, எனக்கு அது பிடிக்காது.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, எங்க அப்பாவோட வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, கேக்கலாமா? ஃபேன் சுவிட்ச் போட்டா ராத்திரியில ஹெட்லைட் மங்குது, சார்ஜ் லைட்டும் எரியுது.

தாராளமாக் கேளுங்க தங்கச்சி. ஹெரால்டோட சேசிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரே செஞ்சான், மெட்ராஸ்ல ஓடின ஹெரால்ட் அதுக்கு அண்ணன் முறை.

உங்க வண்டியில இன்னும் டைனமோதான் இருக்கும். லூகாஸ் சி 40 டைனமோன்னா நல்ல வேகத்துலயே 22 ஆம்ப்தான் உச்சம். ஐடில்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே தராது. ஹெட்லைட்டுக்கு 8 ஆம்ப், ஃபேனுக்கு 10, இக்னிஷனுக்கு 3னு கூட்டிப் பாருங்க. சிக்னல்ல நிக்கிற நேரம் எல்லாம் பேட்டரில இருந்துதான் போகுது. ஒண்ணு, ஆல்டர்னேட்டருக்கு மாறணும். இல்லைன்னா கம்பெனி கொடுத்த பெல்ட் ஃபேனைக் கழட்டாம வச்சுக்கிட்டு, முன்னால சின்ன எலெக்ட்ரிக் ஃபேனை உதவிக்கு மட்டும் வையுங்க. அப்பா வண்டியை அப்பா வண்டியாவே வச்சிருக்கணும்னா நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவேன்.

வண்ணார்பேட்டை: 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பயம். தண்ணிக்குள்ள இறங்கும்போது ஃபேனை நிறுத்த மூணு நிலை சுவிட்ச் வைக்கலாமா?

காரணம் நியாயம்தான். தண்ணியில சுத்துற இலை முன்னால வளைஞ்சு ரேடியேட்டரைக் கிழிச்சிரும். ஆனா நடுவுல ‘ஆஃப்’ வச்சா, முழங்கை பட்டு அதுல போய் நின்னுரும், கொதிச்ச பிறகுதான் தெரியும். தண்ணி வந்தா அந்த 20 ஆம்ப் ஃபியூஸைப் பிடுங்கிப் பாக்கெட்ல போடுங்க. தரையோட ஒட்டிக் கிடக்குற வண்டியை வெள்ளத்துல இறக்காம இருக்கிறது அதை விட உத்தமம்.

திசையன்விளை: பழைய ஃபியூஸ் பாக்ஸ்ல 35 ஆம்ப் கண்ணாடி ஃபியூஸ் இருக்கு. அதுல இருந்தே ஃபேனுக்கு எடுத்தா என்ன?

லூகாஸ் ஃபியூஸ்ல 35னு போட்டிருந்தா அது உருகுற அளவு. தொடர்ந்து தாங்குறது 17 ஆம்ப்தான். அதுலயே வைப்பர், பிரேக் லைட் எல்லாம் தொங்குது. இன்னொரு வம்பு, இப்ப கடையில கிடைக்குற 35 ஆம்ப் கண்ணாடி ஃபியூஸ் 35-ஐயே தொடர்ந்து தாங்கும். அதைப் போட்டா ஃபியூஸ் நிக்கும், வயர் எரியும். ஃபேனுக்குத் தனி ஃபியூஸ்தான்.

சங்கரன்கோவில்: ஃபேன் ஓடுதுன்னு தெரிய டாஷ்போர்டுல லைட் வைக்கலாமா?

வையுங்க, 87-ல இருந்து எடுத்து. ஆனா கரண்ட் போகுதுன்னுதான் அது சொல்லும், ஃபேன் சுத்துதுன்னு சொல்லாது. எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட வண்டின்னா 85-க்கும் 86-க்கும் நடுவுல ஒன் என் 4007 டயோடு ஒண்ணும் போட்டுருங்க. வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்கணும், மாத்தி வச்சா சுவிட்ச் போட்டதும் பச்சை வயர் ஃபியூஸ் போயிரும்.

களக்காடு: ஃபேனோட வந்த பிளாஸ்டிக் கம்பியை ரேடியேட்டர் நடுவுல குத்தி மாட்டலாம்னு மெக்கானிக் சொல்லுதார்.

மாட்டலாம், ஆறு மாசம் கழிச்சு ஒழுகும். ரெண்டு பட்டை இரும்பை வளைச்சு ரேடியேட்டர் ஃபிரேம்ல போல்ட் போடச் சொல்லுங்க.