எத்தனை உதை உதைத்தால் சரி?

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம். இப்போது 31-வது வாரம். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. பகலில் குழந்தை அசைகிறதா என்றே தெரிவதில்லை. ராத்திரி படுத்தால்தான் ஆட்டம் ஆரம்பிக்கிறது. நாத்தனாருக்கு நாலாம் மாதக் கடைசியிலேயே துடிப்பு தெரிந்ததாம், எனக்கு 22-வது வாரத்தில்தான் தெரிந்தது. ஸ்கேனில் ‘ஆன்டீரியர் பிளசென்டா’ என்று போட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை அசைவு இருக்க வேண்டும்? மாமியார், “மாசம் ஏற ஏறப் பிள்ளை அடங்கிடும், பயப்படாதே” என்கிறார். சரியா?
– வாசகி, ஈரோடு

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சரியில்லை. உங்களைத் தேற்றத்தான் மாமியார் அப்படிச் சொல்கிறார், அதற்காக அவரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். 32 வாரம் வரை அசைவு கூடிக்கொண்டே போகும். அதன்பிறகு ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். வலி வரும்வரை, வலி வந்த பிறகும்கூட, குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்கும். இடம் நெருக்கமாவதால் ‘பட் பட்’டென்ற உதை குறைந்து, புரள்வதும் நெளிவதும் விலாவுக்கடியில் காலை ஊன்றித் தள்ளுவதுமாக மாறும். மாறுவது அசையும் விதம்தான், எண்ணிக்கை குறையக் கூடாது.

நாத்தனாருக்கு அது எத்தனையாவது பிள்ளை என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது என்றால் 16-வது வாரத்திலேயே தெரிவது சகஜம், அந்த உணர்வு அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம். முதல் பிரசவத்தில் பலருக்கும் 20 வாரம் தாண்டித்தான் பிடிபடும். அதுவரை வாயு என்றே நினைத்திருப்பார்கள். ஸ்கேனில் போட்டிருப்பதன் அர்த்தம், உங்களுக்கு நஞ்சு (பிளசென்டா) கருப்பையின் முன்சுவரில் இருக்கிறது என்பதுதான். உதை அதன்மேல் பட்டு மழுங்கித்தான் உங்களுக்கு வந்து சேரும். பக்கவாட்டிலும் அடிவயிற்றிலும் கவனித்துப் பாருங்கள், அங்கே நன்றாகத் தெரியும். ஆனால் இன்றுவரை தெரிந்த அசைவு நாளை குறைந்தால், ‘நஞ்சு முன்னால் இருக்கிறதே, அதனால்தான்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

சரி, எத்தனை? எல்லாக் குழந்தைக்கும் பொருந்துகிற எண் எதுவும் கிடையாது. உங்கள் குழந்தைக்கு வழக்கம் எது என்பதுதான் கணக்கு. வயிற்றுக்குள் குழந்தை 20 முதல் 40 நிமிடம் வரை தூங்கும், ஒரேயடியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்குவது அபூர்வம். பகலில் நின்று, நடந்து, மீட்டர் கணக்கும் சில்லறையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது லேசான அசைவு கவனத்துக்கு வராது. சாயங்காலத்துக்கு மேல் ஆட்டம் கூடுவதும் இயல்பு. உங்களுக்கு ராத்திரிதான் வழக்கம் என்றால் அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டு, வயிற்றில் கை வைத்துக் கவனியுங்கள். உதை, புரளல், நெளிவு எல்லாமே கணக்குதான். ஒரே இடத்தில் கடிகாரம் மாதிரி ‘டிக், டிக்’ என்று சீராக வந்தால் அது விக்கல், அதை எண்ண வேண்டாம்.

சந்தேகம் வந்தால் இதேபோல் படுத்து இரண்டு மணி நேரம் பாருங்கள். பத்து அசைவு வரவில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பத்து வந்துவிட்டது, ஆனாலும் ‘இது வழக்கமான ஆட்டம் இல்லையே’ என்று மனசு சொன்னாலும் கிளம்புங்கள். அசைவே இல்லையென்றால் எண்ணிக்கொண்டு படுத்திருக்கவும் வேண்டாம். ஜில்லென்று ஜூஸ் குடித்துப் பார்க்கிறேன், காலையில் பார்த்துக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமை செக்கப் இருக்கிறதே – இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நஞ்சு வழியாகப் பிராணவாயு போதுமான அளவு போகாதபோது, குழந்தை சக்தியை மிச்சம்பிடிக்க முதலில் குறைப்பது அசைவைத்தான். அந்த நேரத்தில் மணிக்கணக்கு முக்கியம். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க ஆன்லைனில் விற்கும் டாப்ளர் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு ‘துடிப்பு கேட்கிறதே’ என்று இருந்துவிடாதீர்கள். அதில் கேட்பது உங்கள் நாடியாகவே இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி, 20 நிமிடம் போல இதயத் துடிப்பைப் பதிவு செய்வார்கள். தேவைப்பட்டால் ஸ்கேனில் பனிக்குட நீரையும் வளர்ச்சியையும் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மறுபடி குறைந்தால் மறுபடி போக வேண்டும். “போன வாரம்தானே வந்தீங்க” என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நடுராத்திரியில் வண்டி இல்லையென்றால் 108.

அப்புறம், தூங்கும்போது மல்லாந்து படுக்காதீர்கள், இடமோ வலமோ ஒருக்களித்தே படுங்கள். கடையில் உட்கார நாற்காலி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியாயிற்று, முதலாளிக்கும் அது தெரிந்திருக்கும்.