சியாட்டில் கிளம்புற வியாசர்பாடி தம்பிக்கு

தம்பி, எச்1பி வேலை விசா ஸ்டாம்பிங் முடிஞ்சுது, அடுத்த மாசம் சியாட்டில்ல பெரிய டெக் கம்பெனியில சேரப்போறேன்னு எழுதியிருந்த. ஆபீஸ்ல எப்படி நடந்துக்கணும், எத்தனை மணி நேர வேலை, வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம், குளிருக்கு என்ன வாங்கணும்னு கேட்டிருந்த. குளிருக்கு இங்க ஒண்ணும் வாங்காத. எம்.சி. ரோட்டு ஜெர்கின் அந்த ஊர் மழைக்கே தாங்காது. வீட்டை அங்க போய்ப் பாரு. ஆபீஸ் விஷயம்தான் முக்கியம். நான் போனப்ப அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்ல.

நான் தண்டையார்பேட்டை. தாத்தாவுக்கு பின்னி மில்லுல வேலை. 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்ததே அந்த மில் தொழிலாளிங்களாலதான். அதனால எங்க வீட்டுல வேலைன்னா யூனியன், கேட் மீட்டிங், நோட்டீஸ் எல்லாம் சேர்ந்ததுதான். அங்க அதெல்லாம் மறந்துடு. சியாட்டில் இருக்கிற வாஷிங்டன் மாநிலத்துல வேலை 'அட்-வில்'. பாகுபாடு மாதிரி சட்டம் தடுக்கிற சில காரணங்களைத் தவிர, இன்னிக்கு வரச் சொன்னவன் நாளைக்கு வராதன்னு சொல்லலாம். நீயும் அப்படியே கிளம்பலாம். 90 நாள் நோட்டீஸ் பீரியட், ரிலீவிங் லெட்டருக்கு ஹெச்ஆர் பின்னாடி அலையறது எதுவும் கிடையாது. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா பக்கத்து சீட்டு அமெரிக்காக்காரனுக்கு வேலை போனா வேலை மட்டும்தான் போகும். உனக்குக் கடைசி வேலை நாளுக்கு அப்புறம் அதிகபட்சம் 60 நாள். அதுக்குள்ள வேற கம்பெனி உனக்காக மனு போடணும், இல்ல வேற விசாவுக்கு மாறணும், இல்ல பெட்டியைக் கட்டணும்.

2023 ஜனவரியில மைக்ரோசாஃப்ட் 10,000 பேர், கூகுள் 12,000, அமேசான் 18,000னு வேலையை விட்டு எடுக்கறதா வரிசையா அறிவிச்சாங்க. அந்த வாரம் எங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்குல ஒருத்தர் பேபி சீட்டைக் கழட்டி வெச்சுட்டு, காரைச் சுத்திச் சுத்தி விக்கறதுக்கு போட்டோ எடுத்துட்டிருந்தார். நல்ல வேலைக்காரர். நம்ம பசங்க போன வேகத்துல டெஸ்லா புக் பண்றதைப் பார்த்தா எனக்கு வயித்தெரிச்சல்தான். முதல்ல ஆறு மாசச் செலவுக்குப் பணத்தை பேங்க்ல போடு.

ஆஃபர்ல ஸ்டாக்னு, அதாவது கம்பெனி பங்குன்னு, பெரிய நம்பர் இருக்கும், அது மொத்தமும் உன் பணம்னு வீட்டுல சொல்லி வைக்காத. நாலு வருஷத்துக்குப் பிரிச்சுத்தான் கைக்கு வரும். அமேசான் பல வருஷமா முதல் வருஷம் 5 சதவீதம், ரெண்டாவது வருஷம் 15, அப்புறம் 40, 40னுதான் குடுத்துச்சு. கைக்கு வர்ற அன்னிக்கே அது சம்பளக் கணக்குல சேரும். கம்பெனி பெரும்பாலும் 22 சதவீதம்தான் வரி பிடிக்கும், உன் வரி அதுக்கு மேல இருந்தா மிச்சத்தை ஏப்ரல்ல நீ கட்டணும்.

அடுத்தது மேனேஜர் விஷயம். இங்க சென்னையில மேனேஜர் கோவம் வந்தா கத்துவார், சாயங்காலம் டீயும் வாங்கித் தருவார். நாம எங்க நிக்கிறோம்னு தெரியும். அங்க என் முதல் மேனேஜர் வாராவாரம் ஒன்-ஆன்-ஒன்ல, அதாவது நாங்க ரெண்டு பேர் மட்டும் பேசற மீட்டிங்குல, வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு விசாரிப்பார், வேலை பிரமாதம்பார். வருஷக் கடைசியில ரிவ்யூ பேப்பர் வந்தா சராசரிக்குக் கீழ. 'டிசைன் மீட்டிங்குல பேசறதில்ல'ன்னு ஒரு வரி. இதை மார்ச்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன், அதுக்கும் சிரிப்பு. அந்தக் கம்பெனியை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, எரிச்சல் அடங்கல. அதனால ஒன்-ஆன்-ஒன் முடிஞ்சதும் பேசினதை நாலு வரி மெயில் போடு. இதை முடிச்சேன், அடுத்த லெவலுக்கு, அதாவது பதவி உயர்வுக்கு, என்ன குறையுதுன்னு கேட்டு எழுத்துல பதில் வாங்கு. கேலிப்ரேஷன்னு, யாருக்கு என்ன ரேட்டிங்னு மேனேஜருங்க கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுவாங்க. அங்க உன் மேனேஜர் கையில காட்டறதுக்கு ஏதாவது இருக்கணும். மைக்ரோசாஃப்ட் ஆளுங்களை வரிசைப்படுத்தற முறையை 2013லயே கைவிட்டுச்சு. ஆனா வேற வேற பேர்ல அந்த வேலை இந்தத் துறையில நடந்துட்டுத்தான் இருக்கு. பி.ஐ.பி.னு, உன் வேலை சரியில்ல, இத்தனை நாள்ல திருத்திக்கன்னு காகிதம் வந்தா, எவ்வளவு அன்பா பேசினாலும் அன்னிக்கு ராத்திரியே ரெஸ்யூமைத் தூசி தட்டு.

நல்லதும் சொல்லணும். ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன்-கால் போன் (ராத்திரி அவசரத்துக்கு முறை வெச்சு எடுக்கறது) அலறுது, சர்வீஸ் படுத்துடுச்சு. எங்க டீம் சீனியர் அம்மா எல்லாரும் பார்க்கிற சாட்டுல 'என் டெப்ளாய்தான், ரோல்பேக் பண்றேன்'னு, அதாவது நான் ஏத்தின புது கோடுதான், பழசுக்கே திருப்பறேன்னு அடிச்சுட்டு வேலையைப் பார்த்தாங்க. மறுநாள் தப்பு எப்படி நடந்துச்சுன்னு அலசற போஸ்ட்மார்ட்டம் டாக்குமெண்ட்ல எந்த நிமிஷம் என்ன ஆச்சு, டெஸ்ட்ல ஏன் மாட்டல, இனிமே எப்படித் தடுக்கறதுன்னு எல்லாம் இருந்துச்சு. யார் பேரும் இல்ல. நான் முன்னாடி கிண்டி பக்கம் வேலை பார்த்த இடமா இருந்தா, காலையில எட்டு மணிக்கே யார் தலையை உருட்டலாம்னு மீட்டிங் போட்டிருப்பாங்க. அந்தப் பழக்கத்துலதான் நம்ம ஆளுங்க வெள்ளிக்கிழமை வரைக்கும் 'ஆயிடும், ஆயிடும்'னு இழுப்பாங்க. ஆகாதுன்னா செவ்வாய்க்கிழமையே சொல்லு, ஒருத்தனும் உன்னை ஒண்ணும் பண்ண மாட்டான்.

நம்ம ஆளுங்கன்னதும் ஞாபகம் வருது. வீக்கெண்ட் பாட்லக் (ஆளுக்கொரு சாப்பாடு கொண்டு வர்ற விருந்து) போனா முதல் கேள்வி எந்த லெவல், ரெண்டாவது சென்னையில எங்க. பீச் ஸ்டேஷன் பக்கம், பாரிஸ் பக்கம்னு மழுப்பற வடசென்னைப் பசங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். வியாசர்பாடின்னே சொல்லு. கேக்கிறவர் முகம் மாறினா அது அவர் பாடு. 2023 பிப்ரவரியில சியாட்டில் நகர சபை சாதிப் பாகுபாட்டைத் தடை பண்ணிச் சட்டம் போட்டுச்சு, அமெரிக்காவுலயே முதல் ஊர். ஆனா அது சியாட்டில் எல்லைக்குள்ளதான், பெல்வியூ, ரெட்மண்ட் எல்லாம் வேற ஊர். உன் ஆபீஸ் எந்தப் பக்கம்னு பார்த்துக்க. நான் சேர்ந்த புதுசுல வாயே திறக்காதவன், இப்ப டீம் லஞ்சுல காசிமேடு ஏலத்தைக் கதையா சொல்றேன், என் டைரக்டர் அடுத்த தடவை தன்னையும் கூட்டிட்டுப் போகச் சொல்றார்.

எத்தனை மணி நேரம்னு கேட்டியே, அது டீமைப் பொறுத்தது. அமேசான்ல 2025 ஜனவரியிலேருந்து வாரம் அஞ்சு நாளும் ஆபீஸுக்கு வரணும்னு வெச்சாங்க, மத்ததெல்லாம் போனாத்தான் தெரியும்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஜாயினிங் போனஸ், ரிலொகேஷன் பணம் ரெண்டுக்கும் கீழ சின்ன எழுத்துல, இத்தனை மாசத்துக்குள்ள போனா திருப்பிக் கட்டணும்னு இருக்கும். நீயா போனா மட்டுமா, அவங்க அனுப்பினாலுமான்னு அதுல தேடு. இந்த மாசக் கடைசி வரைக்கும் அம்மா வீட்டுலதான் இருக்கேன், தண்டையார்பேட்டை மெட்ரோ இறங்கி போன் போடு. ஆஃபர் லெட்டரைப் பிரிண்ட் எடுத்துட்டு வா, போன்ல காட்டினா என் கண்ணுக்குத் தெரியாது.