ஊதாதீர்கள், துடையுங்கள்: கேமிங் கேள்வி-பதில்

பழைய கன்சோல், புதிய டிவி, இரண்டுக்கும் நடுவே வரும் சிக்கல்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கே: பரணில் கிடந்த சூப்பர் நின்டெண்டோவை எடுத்து 4கே டிவியில் மாட்டினேன். படம் கலங்கலாகத் தெரிகிறது. பட்டனை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஹீரோ குதிக்கிறார். சின்ன வயதில் ஆடியபோது இப்படி இல்லையே! கன்சோல் கெட்டுவிட்டதா?

ப: கன்சோல் நன்றாகத்தான் இருக்கும். அது அனுப்பும் சிக்னலை டிவி தப்பாகப் படிக்கிறது. சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், முதல் பிளேஸ்டேஷன் ஆகியவை பெரும்பாலான கேம்களில் 240பி சிக்னலைத் தருகின்றன. பிக்சர் டியூப் டிவி அந்த 240 வரிகளையும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வரையும். புது டிவிகள் பல, இதை 480ஐ என்று எடுத்துக்கொள்கின்றன. அதாவது, வந்திருப்பது பாதிப் படம், மீதிப் பாதி வந்ததும் இரண்டையும் பின்ன வேண்டும் என்று காத்திருக்கின்றன. அந்தக் காத்திருப்பில் தாமதம் வருகிறது, பின்னுவதில் கலங்கல் வருகிறது. அடி வாங்கிய கதாபாத்திரம் மினுக்கும் காட்சியைப் பாருங்கள். ஒரு ஃபிரேமில் உருவம் இருக்கும், அடுத்ததில் இருக்காது. டிவி இரண்டையும் சேர்த்துப் பின்னும்போது உருவம் சீப்புப் பல் மாதிரி வரிவரியாகப் பிளந்து தெரியும். சில டிவிகளில் ஆளே காணாமல் போய்விடுவார்.

செலவில்லாத வேலையை முதலில் முடியுங்கள். டிவியில் கேம் மோடைப் போடுங்கள். மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணையுங்கள். ஷார்ப்னெஸைக் குறையுங்கள். படத்தின் அளவை 4:3 என்று வையுங்கள். இழுத்து அகலமாக்கிய படத்தில் வட்டம் முட்டையாகத் தெரியும், தாவும் தூரத்தைக் கண் தப்பாகக் கணக்கிடும். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி விநாடி. கேம் மோட் இல்லாத டிவி 100 மில்லி விநாடி தாமதித்தால் நீங்கள் ஆறு ஃபிரேம் பின்னால் ஆடுகிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது கேபிள். மஞ்சள் முனை கொண்ட காம்போசிட் கேபிளில் நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால், நிறங்கள் சேரும் ஓரங்களில் புள்ளிகள் ஊர்வது தெரியும். எஸ்-வீடியோ இரண்டையும் பிரித்து அனுப்பும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக அனுப்பும் ஆர்.ஜி.பி. அதைவிடத் தெளிவு. சூப்பர் நின்டெண்டோவின் முதல் வடிவம் எஸ்-வீடியோ, ஆர்.ஜி.பி. இரண்டையும் தரும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு நிறையவில்லை என்றால் 240பி-யைப் புரிந்துகொண்டு, படத்தைப் பெரிதாக்கி டிவிக்கு அனுப்பும் ஸ்கேலர் என்ற பெட்டியை வாங்குங்கள். ரெட்ரோடிங்க் 2எக்ஸ் காம்போசிட், எஸ்-வீடியோ, காம்பொனென்ட் (படத்தை மூன்று கம்பிகளில் பிரித்து அனுப்பும் முறை) மூன்றையும் ஏற்கும். ஓ.எஸ்.எஸ்.சி. கிட்டத்தட்டத் தாமதமே இல்லாமல் வரிகளைப் பெருக்கும், ஆனால் அதில் காம்போசிட் முனை கிடையாது. வாங்கும் முன் உங்கள் கேபிளோடு பொருந்துமா என்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் ஏ.வி.-ஹெச்.டி.எம்.ஐ. டப்பாக்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிவி செய்யும் அதே தவறைத்தான் அவையும் செய்கின்றன. 4கே திரைக்கு ஒரு நல்ல பொருத்தம் உண்டு: 240-ஐ 9 மடங்காக்கினால் சரியாக 2160. ஒவ்வொரு பிக்சலும் மிச்சமில்லாமல் உட்காரும். 1080-ல் நாலரை மடங்கு என்று இழுபடும்.

கே: பி.எஸ்.2-ஐ (பிளேஸ்டேஷன் 2) காம்பொனென்ட் கேபிளில் இணைத்திருக்கிறேன். பி.எஸ்.2 கேம்கள் ஓடுகின்றன. பழைய பி.எஸ்.1 டிஸ்க் போட்டால் திரை கறுப்பு.

ப: பி.எஸ்.1 கேம்களை பி.எஸ்.2 அந்தக் காலத்து 240பி-யிலேயே அனுப்புகிறது. காம்பொனென்ட் வழியாக வரும் 240பி-யைச் சில டிவிகள் ஏற்பதே இல்லை. காம்போசிட் கேபிளுக்கு மாறிப் பாருங்கள், படம் வந்தால் காரணம் அதுதான்.

கே: கார்ட்ரிட்ஜ் ஓடவில்லை என்றால் ஊதிவிட்டுப் போடுவோம், ஓடும். இப்போது ஊதினாலும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. என்.இ.எஸ். (சூப்பர் நின்டெண்டோவுக்கு முந்தையது) கன்சோல்.

ப: தயவுசெய்து ஊதாதீர்கள். வாயிலிருந்து போகும் ஈரம் உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். முன்பு ஓடியதற்குக் காரணம், கழற்றி மறுபடி செருகியபோது முனைகள் வேறு கோணத்தில் தொட்டது. விளக்கு நொடிக்கொரு முறை மினுக்குவது, கன்சோலுக்குள் இருக்கும் காவல் சிப்பும் கார்ட்ரிட்ஜில் இருக்கும் அதன் ஜோடியும் பேசிக்கொள்ள முடியாமல் கன்சோல் ரீசெட் ஆகிக்கொண்டே இருப்பதன் அடையாளம். இடையில் ஒரு முனை தொடாவிட்டாலும் இது நடக்கும்.

90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பட்ஸை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, முனைகளின் நீளவாக்கில் தேயுங்கள். முதல் பட்ஸ் கன்னங்கரேலென்று வரும். வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் தேயுங்கள், ஐந்தாறு தேவைப்படலாம். பத்து நிமிடம் காயவிட்டுப் போடுங்கள். அப்படியும் போகாத கறைக்குக் கார்ட்ரிட்ஜைத் திறக்க வேண்டும். அதற்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி முனை வேண்டும். கன்சோல்களில் அதிகம் வருவது 4.5 மில்லிமீட்டர். இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். தங்க முலாம் மிக மெல்லியது, ஒரு தேய்ப்பில் போய்விடும்.

கார்ட்ரிட்ஜ்கள் எல்லாம் சுத்தமாகி, அத்தனையும் மினுக்கினால் பழுது கன்சோலின் 72 முனை கனெக்டரில் இருக்கிறது. கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து நன்றாக உலர்த்தி மாட்டுகிறவர்கள் உண்டு, பல நேரம் பலனும் கிடைக்கிறது. புதிதாகக் கிடைக்கும் மாற்றுக் கனெக்டர்களில் சில, கார்ட்ரிட்ஜைக் கவ்விப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்னும். பழையதைக் காப்பாற்ற முடிந்தால் அதுவே மேல்.

கே: சேவ் செய்த கேம் மறுநாள் இல்லை. பேட்டரி மாற்றினால் பழைய சேவ் திரும்புமா?

ப: போனது வராது. இன்னும் சேவ் இருக்கிற கார்ட்ரிட்ஜ்களையாவது காப்பாற்றுங்கள். என்.இ.எஸ்., சூப்பர் நின்டெண்டோ கார்ட்ரிட்ஜ்களில் சேவ் இருப்பது ஒரு ராம் சிப்பில். அதை உயிரோடு வைத்திருப்பது ஒரு 3 வோல்ட் காசு பேட்டரி, பெரும்பாலும் சி.ஆர்.2032. அதைக் கழற்றிய நொடியே சேவ் அழியும். அதனால் முதலில் கார்ட்ரிட்ஜ் ரீடர் வழியாக அந்தச் சேவ் கோப்பைக் கம்ப்யூட்டரில் நகலெடுங்கள், பேட்டரி மாற்றிய பிறகு திரும்ப எழுதுங்கள்.

தகட்டுக்கால் வைத்து வெல்டு செய்த பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பேட்டரி மேல் நேரடியாகச் சால்டர் வைத்தால் சூடேறி வெடிக்கக்கூடும். பழையதை நெம்பிப் பிடுங்காதீர்கள், போர்டில் உள்ள செம்புத் தடமும் சேர்ந்து உரிந்து வரும். சால்டரிங் அயர்னை 350 டிகிரியில் வைத்து, ஒரு காலுக்கு இரண்டு மூன்று விநாடி தொட்டால் ஈயம் இளகிவிடும். பிளஸ், மைனஸ் திசையைப் போர்டில் பார்த்து வையுங்கள். கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களில் பேட்டரி அளவு மாறும், பழைய பேட்டரியின் முதுகில் உள்ள எண்ணையே வாங்குங்கள்.

ஒரு விதிவிலக்கு: கேம் பாய் அட்வான்ஸின் போக்கிமான் ரூபி, சஃபையரில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். அது தீர்ந்தாலும் சேவ் ஃபிளாஷ் நினைவகத்தில் பத்திரமாக இருக்கும். பதறி எதையும் கழற்ற வேண்டாம்.

புது பேட்டரி போட்டும் என்.இ.எஸ். சேவ் அழிகிறதா? பல கேம்கள் 'ரீசெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவரை அணை' என்று திரையிலேயே சொல்லும். மின்னழுத்தம் இறங்கும் நொடியில் பிராசஸர் ராமில் குப்பையை எழுதிவிடாமல் தடுக்கத்தான் அது.

கே: என்.இ.எஸ்.-இன் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாம் கிடைத்தது, அடாப்டர் இல்லை. என்.இ.எஸ். அடாப்டர் அச்சாகப் பொருந்துகிறது. போடலாமா?

ப: கூடவே கூடாது! 1983-ல் வந்த ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டி.சி., 850 மில்லி ஆம்பியர், நடுமுனை மைனஸ். என்.இ.எஸ். அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏ.சி. என்.இ.எஸ். உள்ளே ஏ.சி.-யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர் இருக்கிறது, ஃபேமிகாமில் இல்லை. ஏ.சி. நேராக உள்ளே போய், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரைக் காலி செய்யும். முனை பொருந்துகிறதே என்று எந்தப் பழைய கன்சோலையும் நம்பாதீர்கள். மெகா டிரைவின் முதல் மாடலுக்கு நடுமுனை மைனஸ், இரண்டாம் மாடலுக்கு நடுமுனை பிளஸ்! கன்சோலின் அடியில் உள்ள லேபிளில் மூன்றைப் பாருங்கள்: ஏ.சி.-யா டி.சி.-யா, எத்தனை வோல்ட், நடுமுனை எது. ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை.

கே: வாத்து சுடும் கேமுக்கான துப்பாக்கி எல்.இ.டி. டிவியில் வேலை செய்யவில்லை.

ப: செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு ஃபிரேம் கறுத்து, அடுத்து வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக ஒளிரும். அந்த ஒளி துப்பாக்கியின் கண்ணில் அதே கணத்தில் பட வேண்டும். தாமதிக்கும் திரையில் அது தவறிவிடுகிறது. போதாக்குறைக்கு, துப்பாக்கிக்குள் இருக்கும் சர்க்யூட் பிக்சர் டியூபின் அதிர்வெண்ணுக்கே டியூன் செய்யப்பட்டது. பிக்சர் டியூப் டிவி தேடுங்கள். அல்லது எமுலேட்டரில் (பழைய கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்), திரையின் ஓரத்தில் வெள்ளைச் சட்டம் வரைந்து கேமராவால் குறி பார்க்கும் சிண்டன் துப்பாக்கி.

கே: பி.எஸ்.5 கன்ட்ரோலரைத் தொடாமலேயே கேமரா மெல்ல இடப்பக்கம் நகர்கிறது. புதுசு வாங்கத்தான் வேண்டுமா?

ப: அவசரப்படாதீர்கள். ஸ்டிக்கின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னப் பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கும். ஒரு கார்பன் தடத்தின் மேல் உலோக விரல் உரசிக்கொண்டே போகும். உரசி உரசித் தடம் தேயும், தூள் சேரும், நடுநிலை நகரும். இதுதான் டிரிஃப்ட்.

கன்ட்ரோலரின் முதுகில் உள்ள ஊசித் துளையை ஐந்து விநாடி அழுத்தி ரீசெட் செய்து, யூ.எஸ்.பி. கேபிளில் மறுபடி இணையுங்கள். போகாவிட்டால், ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்து அடியில் காற்றடித்து, ஒரு சொட்டு கான்டாக்ட் கிளீனர் விட்டு, இருபது சுற்று சுழற்றிக் காயவிடுங்கள். தூள்தான் காரணம் என்றால் சரியாகும், தடமே தேய்ந்திருந்தால் சில நாளில் திரும்ப வரும். அதுவரை கேமின் செட்டிங்கில் டெட்ஸோனை (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கேம் பொருட்படுத்தாத எல்லை) கொஞ்சம் கூட்டி ஓட்டலாம். குறி பார்த்துச் சுடும் கேம்களில் அது கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

நிரந்தரத் தீர்வு ஸ்டிக் மாட்யூலை மாற்றுவது. ஒரு ஸ்டிக்குக்கு 14 சால்டர் முனைகள். உறிஞ்சும் பம்பு இல்லாமல் இறங்காதீர்கள். மாற்றுவதென்றால் ஹால் எஃபெக்ட் மாட்யூல் போடுங்கள். காந்தத்தை சென்சார் படிப்பதால் உரசலே இல்லை. மாற்றியபின் காலிபரேஷன் செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் புது ஸ்டிக்கும் கோணலாகத்தான் நிற்கும். ஸ்விட்சின் ஜாய்-கான் இதைவிட எளிது. ஒய்00, ஃபிலிப்ஸ் 00 முனை ஸ்க்ரூடிரைவர்களும் பொறுமையும் போதும், ஸ்டிக் ஒரு ரிப்பன் கேபிளில்தான் நிற்கிறது, சால்டரிங் வேண்டாம்.

கே: கீறல் விழுந்த டிஸ்க்கைப் பற்பசை தேய்த்துச் சரிசெய்யலாமா?

ப: பற்பசை வேண்டாம், அதுவே நூறு கீறல் போடும். எந்த டிஸ்க் என்பதுதான் முக்கியம். சி.டி.-யில் தகவல் அடுக்கு லேபிளுக்கு அடியிலேயே இருக்கிறது. கண்ணாடிப் பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக், மெருகேற்ற இடமுண்டு. லேபிள் பக்கம் ஆழமாகக் கீறினால் கதை முடிந்தது. டி.வி.டி.-யில் அடுக்கு நடுவே, 0.6 மில்லிமீட்டர் உள்ளே. புளூ-ரேயில் மேலே இருப்பது வெறும் 0.1 மில்லிமீட்டர், அதை மெஷினில் கொடுத்து மெருகேற்றாதீர்கள். எதைத் துடைத்தாலும் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு. சுற்றித் துடைத்தால் தடத்தின் போக்கிலேயே கீறல் விழும், பிழைதிருத்தம் அதைச் சமாளிக்காது.

பி.எஸ்.2-வில் நீல நிற அடிப்பக்கம் உள்ளவை சி.டி., வெள்ளி நிறம் டி.வி.டி. இரண்டுக்கும் லேசர் வேறு. ஒரு வகை மட்டும் படிக்கவில்லை என்றால் டிஸ்க்கை விட்டுவிட்டு லென்ஸைச் சந்தேகியுங்கள்.

கே: பி.எஸ்.5-ல் இடம் தீர்ந்தது. யூ.எஸ்.பி. ஹார்டு டிஸ்க் போதுமா?

ப: பி.எஸ்.4 கேம்களை அதிலிருந்தே ஆடலாம். பி.எஸ்.5 கேம்களை அதில் சேமிக்கலாம், ஆட முடியாது. ஆட வேண்டுமென்றால் உள்ளே எம்.2 எஸ்.எஸ்.டி., பி.சி.ஐ.இ. நான்காம் தலைமுறை, படிக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்.பி. அல்லது அதற்கு மேல். சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் கட்டாயம், அதோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது.

கே: சவுண்ட்பார் 5.1 என்றார்கள். பி.எஸ்.5-ல் பின்பக்கச் சத்தமே வரவில்லை.

ப: கன்சோலிலிருந்து டிவி, டிவியிலிருந்து ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை ஹெச்.டி.எம்.ஐ. கேபிளிலேயே வெளியே அனுப்பும் வசதி) வழியாகச் சவுண்ட்பார் என்று இணைத்திருப்பீர்கள். சாதாரண ஏ.ஆர்.சி., சுருக்காத ஒலியான லீனியர் பி.சி.எம்.-ஐ இரண்டு சேனலுக்கு மேல் தூக்காது. பி.எஸ்.5 ஒலி அமைப்பில் டால்பி வகையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், ஐந்து சேனலும் வரும். ஆனால் சுருக்கி விரிப்பதில் சிறு தாமதம் சேரும். டிவியும் சவுண்ட்பாரும் ஏ.ஆர்.சி.-யின் மேம்பட்ட வடிவமான இ.ஏ.ஆர்.சி.-யை ஆதரித்தால் லீனியர் பி.சி.எம்.-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். சவுண்ட்பாரில் ஹெச்.டி.எம்.ஐ. உள்ளீடு இருந்தால் கன்சோலை நேராக அதிலும் மாட்டலாம், அது 4கே 120 ஹெர்ட்ஸைக் கடத்துமா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

கே: ஓலெட் டிவியில் தினமும் ஒரே கேம். படம் திரையில் பதிந்து தழும்பு விழுமா?

ப: மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் உயிர்ப்பட்டை, மேப் ஆகியவைதான் ஆபத்து. கேமில் வழியிருந்தால் அவற்றை மங்கலாக்குங்கள், படத்தை அவ்வப்போது இம்மியளவு நகர்த்தும் பிக்சல் ஷிஃப்டை அணைக்காதீர்கள். இன்னொன்று, ஆடி முடித்ததும் சுவரில் உள்ள சுவிட்சை அணைக்கும் பழக்கத்தை விடுங்கள். திரையைச் சமன்செய்யும் வேலையை டிவி ஸ்டாண்ட்-பையில் இருக்கும்போதுதான் செய்கிறது. ரிமோட்டில் அணைத்துவிட்டு மின்சாரத்தை அப்படியே விட்டுவையுங்கள்.