வாசகர் கேள்விகள்: வெளிநாட்டில் படித்தால் அப்படி என்ன லாபம்?

என் மகள் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் முடிக்கப் போகிறாள். எம்.எஸ். படிக்க ஜெர்மனிதான் போவேன் என்கிறாள். கொலுசுப் பட்டறை நடத்துகிறேன், பணம் புரட்டிவிடலாம். ஆனால் இங்கே இல்லாத படிப்பா அங்கே இருக்கிறது?
*– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்*

பாடத்தை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயம்தான். தெர்மோடைனமிக்ஸ் எங்கே படித்தாலும் ஒன்றுதான். ஆனால் உங்கள் பட்டறைக்குப் புதிதாக வரும் பையனுக்குப் பற்றவைப்பை நோட்டில் எழுதவைத்தா சொல்லிக்கொடுக்கிறீர்கள்? ஜெர்மனியில் பொறியியல் படிப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். கடைசி ஆறு மாத ஆய்வறிக்கையைப் பலர் ஒரு கம்பெனிக்குள்ளேயே உட்கார்ந்து, அந்தக் கம்பெனிக்கு நிஜமாகவே தலைவலியாக இருக்கும் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு எழுதுகிறார்கள். படிக்கும்போதே வருடத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஹோட்டலில் தட்டு கழுவினாலும் இதே கணக்குதான், அதனால் முடிந்தவரை சீக்கிரம் துறை சார்ந்த வேலைக்குள் நுழையச் சொல்லுங்கள், அதற்கு ஓரளவாவது ஜெர்மன் மொழி வேண்டும், இங்கிருந்தே தொடங்கிவிடலாம். பட்டம் வாங்கிய பிறகு அங்கேயே தங்கி வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். என்னைக் கேட்டால் சான்றிதழைவிடப் பெரிய லாபம் இந்த 18 மாதம்தான்.

இன்னொன்று, அங்கே யாரும் துரத்திப் படிக்க வைக்க மாட்டார்கள். தேர்வுக்குக்கூடத் தானே பதிவு செய்யணும், பல இடங்களில் ஒரே தாளில் மூன்று முறை தவறினால் அந்தப் படிப்பையே தொடர முடியாது. இங்கே அரியர் வைத்துப் பழகியவர்களுக்கு இது பேரதிர்ச்சி.

பணத்துக்கு வருவோம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகைதான். விதிவிலக்கும் உண்டு: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டினருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வசூலிக்கிறது. விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்ட்டில் ஒரு வருடச் செலவாக 11,904 யூரோ போட்டுக் காட்டணும், 12 லட்சம் ரூபாய்க்கு மேல். பயப்படாதீர்கள், அது மகளின் பணம்தான், மாதம் 992 யூரோவாக அவருக்கே திரும்ப வரும். கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாக சொத்து ஈடு கேட்கும். கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் வரை வருமான வரி விலக்கு உண்டு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

மகள் திரும்பி வந்து டிஎன்பிஎஸ்சி எழுதப்போகிறார் என்றால் இந்தச் செலவு வீண். டிசைன், உற்பத்தி, ஆராய்ச்சி என்று துறையிலேயே இருக்கப்போகிறார் என்றால் அனுப்புங்கள். அப்புறம், மகன் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா என்று ஒரு சின்ன சந்தேகம் எனக்கு.

ஏற்காடு பக்கம் ஒரு மலைக்கிராமம். பழங்குடி மலையாளி சமூகம். அப்பா காபித் தோட்டத்தில் வேலை செய்கிறார். பி.எஸ்சி. கடைசி வருடம் படிக்கிறேன். எனக்கெல்லாம் வெளிநாட்டுப் படிப்பு நடக்குமா?
*– மாணவி, ஏற்காடு*

நடக்கும் தங்கச்சி. செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கு இல்லாத ஒரு வழி உனக்கு இருக்கிறது. பழங்குடியின மாணவர்களுக்காகவே மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை தருகிறது. நாடு முழுக்க வருடத்துக்கு 20 பேருக்குத்தான், போட்டி கடுமை, ஆனால் கேட்காமல் யார் தரப்போகிறார்கள்? சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இப்போதே கையில் வைத்துக்கொள், அதற்கு அலைந்தே கடைசித் தேதியைத் தவறவிடுபவர்கள் ஏராளம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளையும் பார். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம், உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில் வரும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் முடிந்துவிடும். மூன்று வருட பி.எஸ்சி.யை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை என்பதால், விண்ணப்பிக்கும் முன் அவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடு.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சியில் "எங்களுக்கு ஃபீஸே வேண்டாம், ஜெர்மனியில் சீட் உறுதி" என்கிறார்கள். நம்பலாமா?
*– வாசகர், அம்மாபேட்டை, சேலம்*

உங்களிடம் வாங்கவில்லை என்றால் கல்லூரியிடம் வாங்குகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏஜென்ட்டுக்கு கமிஷன் கொடுப்பதில்லை, தனியார் கொடுக்கும். அதனால்தான் கட்டணமே இல்லாத நாட்டில் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் கல்லூரியை உங்களுக்குக் காட்டுவார்கள். அவர்கள் சொல்லும் கல்லூரி அரசுடையதா தனியாருடையதா என்று மட்டும் கேளுங்கள். 'ஏபிஎஸ்' சான்றிதழ் (நம் மதிப்பெண் சான்றுகள் உண்மைதானா என்று ஜெர்மனி தரப்பில் சரிபார்த்துத் தருவது), பல்கலைக்கழக விண்ணப்பம் இரண்டையும் வீட்டிலிருந்தே நீங்களே ஆன்லைனில் போடலாம்.