இளையோர் மாயாஜாலத் தொடர்களின் கடைசிப் புத்தகம் ஏன் ஏமாற்றிவிடுகிறது?

முக்கியக் காரணம், வில்லனை ரொம்ப நாள் திரைக்குப் பின்னால் வைத்திருப்பது. கிறிஸ்டோபர் பாவோலினியின் எரகான் தொடரைப் பாருங்கள் (முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்). முதலில் மூன்று புத்தகங்கள் என்றார்கள். கதை நீண்டு நான்கானது. 2003-இல் தொடங்கியது 2011-இல்தான் முடிந்தது. கொடுங்கோலன் கல்பட்டோரிக்ஸை நாம் நேருக்கு நேர் பார்ப்பது நான்காவதில்தான். அவனை வீழ்த்துவது வாள் அல்ல. அவன் பிறருக்குத் தந்த வலியை அவனையே உணரவைக்கும் மந்திரம்.

யோசனை அருமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று முந்தைய புத்தகங்கள் காட்டியிருந்தால்தானே, அந்த மனசு உடையும்போது நமக்கும் உறைக்கும்? அடித்தளம் போடாத இடத்தில் உச்சக்கட்டம் வந்து நிற்கிறது.

காத்திருப்பும் ஒரு காரணம். வருடக்கணக்கில் ஒவ்வொரு வாசகரும் மனதுக்குள் ஒரு முடிவை எழுதி வைத்துவிடுகிறார். அச்சில் வருவது அதோடு போட்டிபோட வேண்டியிருக்கிறது.

காதல் ஜோடி சேரவில்லை என்ற கோபத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எரகானும் ஆர்யாவும் பிரிவது வலிக்கிறது, ஆனால் இருவரின் கடமைக்கும் அதுதான் பொருத்தம்.