பில்லைப் பிரிக்கவே பயம்: தசமபாகமா, கடன் அட்டையா?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் நான்கறை வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் இருவர். கணவருக்கு ஓவர்டைம் நின்றதிலிருந்து மாதக் கடைசி இழுபறிதான். வீட்டுக் கடன், எஸ்பி நிறுவனத்தின் மின்சார பில், நகர மன்றக் கட்டணம் எல்லாம் சேர்ந்து நெருக்குகின்றன. கடன் அட்டையில் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலுவை. கடிதங்களைப் பிரிக்காமலே டிராயரில் போட்டுவிடுகிறேன். “கர்த்தர் பார்த்துக்கொள்வார், கவலைப்படுவது அவிசுவாசம்” என்கிறார் கணவர். சபைக்கு வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகக் கொடுக்கும் தசமபாகத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தலாமா என்று யாரிடமும் கேட்கவும் தைரியமில்லை.

பதில்: சகோதரி, முதல் வேலை அந்த டிராயர். எசேக்கியா ராஜாவுக்கு அசீரியாவிலிருந்து மிரட்டல் கடிதம் வந்தபோது, அதை வாங்கி வாசித்த பிறகுதான் ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தார். பிரிக்காத உறையை வைத்துக்கொண்டு எதற்காக ஜெபிப்பது என்றே நமக்குத் தெரியாது. கணவர் சொல்லும் மத்தேயு 6:34ஐயும் முழுதாக வாசியுங்கள். நாளைக்காகக் கவலைப்படாதே என்று சொன்னவர், “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்” என்றும் சொல்லி முடிக்கிறார். இன்று கெடு முடியும் பில் இன்றைய பாடுதான். அதைக் கவனிப்பது அவிசுவாசம் ஆகாது.

சரி, எல்லாவற்றையும் பிரித்த பிறகு ஒரு தாளில் எழுதுங்கள். எவ்வளவு, எப்போதைக்குள் என்பதோடு, தாமதித்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். பலர் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அதனால் எல்லா பில்லும் ஒரே அளவு பயமுறுத்துகிறது.

உங்கள் நிலையில் நான் முதலில் பார்ப்பது வீட்டுக் கடன். ஓவர்டைம் சம்பளத்துக்கும் மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்புக்கான சந்தா உண்டு. ஆகவே ஓவர்டைம் நின்றால் கையில் வரும் பணம் மட்டுமல்ல, அந்த நிதியில் வீட்டுக்குப் பயன்படுத்தும் சாதாரணக் கணக்கில் சேரும் பணமும் குறையும். மாதத் தவணை அந்தக் கணக்கிலிருந்து போகிறது என்றால், இருப்பு தீர்ந்ததும் மீதியை ரொக்கமாகக் கட்டவேண்டிவரும். அந்த நாள் வரும்முன் இருப்பைப் பாருங்கள். இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்கிடுங்கள். தாங்காது என்று தெரிந்தால், தவணை தவறும்வரை காத்திராமல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கிளைக்குப் போய்ப் பேசுங்கள்.

எஸ்பி பில்லை ‘கரண்ட் பில்’ என்கிறோம். ஆனால் தண்ணீர், குப்பை அகற்றும் கட்டணம், குழாய் எரிவாயு இருந்தால் அதுவும் அதில்தான் வருகிறது. தொகையை மட்டும் பார்க்காமல் எது ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பழைய மீட்டர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அளவெடுப்பார்கள், இடையில் வருவது உத்தேசக் கணக்கு. ஒரு மாதம் திடீரென்று எகிறினால் காரணம் அதுவாகவும் இருக்கலாம். தகுதியுள்ள வீவக வீடுகளுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் யூ-சேவ் என்ற அரசாங்கக் கட்டணக் கழிவு இந்த பில்லில் தானாக வரும். அந்த மாதங்களில் மிஞ்சும் பணத்தை அடுத்த இரண்டு மாதத்துக்கு ஒதுக்கிவையுங்கள். அப்புறம் ஏர்கான். 25 டிகிரியில் வைத்து, கூட ஒரு மின்விசிறியும் ஓடினால் பிள்ளைகள் நன்றாகவே தூங்குவார்கள்.

எஸ்பி பில்லோ நகர மன்றக் கட்டணமோ கட்டமுடியாவிட்டால், கெடுவுக்கு முன்பே அழைத்துத் தவணை கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடன் அட்டைதான் உண்மையில் பற்றியெரிகிற இடம். வீவக கடனுக்கு ஆண்டு வட்டி 2.6 விழுக்காடு. அட்டைக்கு 27 என்று வைத்துக்கொள்வோம், பல அட்டைகளில் அந்த அளவுதான். 4,000 வெள்ளிக்கு மாத வட்டி 90 வெள்ளி. மாதம் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு என்றால் 120 வெள்ளி. அதை மட்டும் கட்டினால் அசலில் 30 வெள்ளிதான் குறையும். அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு வெள்ளியையும் இதற்கே செலுத்துங்கள். முடியவில்லை என்றால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பை நாடுங்கள். அது அறநிறுவனம். வங்கிகளோடு பேசித் திருப்பிக் கட்டும் திட்டம் வகுக்க உதவுவார்கள்.

இந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் வேண்டவே வேண்டாம். உரிமம் பெற்ற கடன் கொடுப்போரே மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம், கட்டணம் தனி. வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ ‘உடனடிக் கடன்’ என்று வந்தால் அழித்துவிடுங்கள். உரிமம் உள்ளவர்கள் அப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்பது சட்டம்.

இப்போது தசமபாகம். தசமபாகங்களையெல்லாம் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10ஐக் காட்டி, என்ன ஆனாலும் கொடு என்பவர்கள் உண்டு. என் கருத்து வேறு. காணிக்கை என்று சொல்லித் தாய்தகப்பனைக் கவனிக்காமல் விட்டவர்களை இயேசு கடிந்துகொண்டதை மாற்கு 7இல் வாசிக்கிறோம். பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் வீட்டுத் தவணைக்கும் உரிய பணத்தை உண்டியலில் போட்டுவிட்டு அட்டையில் அரிசி வாங்குவதும் ஏறக்குறைய அதே கதைதான். காணிக்கையில் மனவிருப்பம் “உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்” என்று பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8:12). முற்றிலும் நிறுத்தச் சொல்லவில்லை. இப்போதைக்கு ஒரு சிறு தொகையை மனநிறைவோடு கொடுங்கள். அட்டை நிலுவை தீர்ந்ததும் கூட்டிக்கொள்ளலாம். உங்கள் போதகரிடம் இதை நேராகச் சொல்லுங்கள். நல்ல போதகர் கோபிக்கமாட்டார், சபையில் உதவி நிதி இருந்தால் அதையும் சொல்வார்.

இதையெல்லாம் நீங்கள் ஒருவரே தூக்கிச் சுமக்கக்கூடாது. சனிக்கிழமை மாலையில் அரைமணி நேரம் கணவரோடு உட்காருங்கள். முதலில் ஜெபம், பிறகு தாள். ‘நீங்கள்தான் செலவழித்தீர்கள்’ என்ற பேச்சு அந்த அரைமணியில் வேண்டாம். டிசம்பரைப் பற்றியும் இப்போதே பேசுங்கள். கிறிஸ்துமஸ் புதுத்துணி, பலகாரம், ஊருக்கு டிக்கெட், பின்னாலேயே ஜனவரியில் பள்ளிச் செலவு. ஆண்டுதோறும் தெரிந்தே வரும் செலவு இது, ஆனாலும் ஆண்டுதோறும் அட்டையில்தான் ஏறுகிறது. இந்த ஆண்டு துணி பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தால், உறவினர் கேட்கும்போது பதில் சொல்வதும் எளிது.

அடிப்படைச் செலவுக்கே போதாது என்ற நிலை வந்தால், உங்கள் வட்டாரச் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் என்ற அரசாங்க நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். போகும்போது குடும்பத்தில் எல்லோருடைய அடையாள அட்டை, கணவரின் அண்மைய சம்பளச் சீட்டுகள், மத்திய சேம நிதி அறிக்கை, நிலுவையிலுள்ள பில்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஓவர்டைம் இருந்த மாதத்துச் சம்பளச் சீட்டு ஒன்றும் இருக்கட்டும், வருமானம் எவ்வளவு குறைந்தது என்பதை அதை வைத்துக் காட்டலாம்.