பென்சீன்–டொலுவீன் கலவையின் மேலிருக்கும் ஆவியில் எது எவ்வளவு?

கேள்வி: நாகர்கோவில் கல்லூரி ஆய்வகம், வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். பென்சீன் 100 கிராம், டொலுவீன் 100 கிராம் கலந்தால் ஆவியின் இயைபு என்ன?

எடை சமம்தானே என்று மோல் பின்னத்தை (மொத்த மோல்களில் ஒரு பொருளின் பங்கு) 0.5 எனப் போடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதலில் மூலக்கூறு எடையால் (பென்சீன் 78, டொலுவீன் 92) வகுத்து மோலாக மாற்றுங்கள்: 100/78 = 1.282, 100/92 = 1.087. ஆக, திரவத்தில் பென்சீன் 0.541, டொலுவீன் 0.459.

30 டிகிரியில் தூய பென்சீனின் ஆவி அழுத்தம் சுமார் 119 மி.மீ. பாதரசம், டொலுவீனுக்கு 37. ரௌல்ட் விதிப்படி பகுதி அழுத்தங்கள், அதாவது ஒவ்வொரு பொருளும் தரும் அழுத்தம் (திரவத்தில் மோல் பின்னம் × தூய பொருளின் ஆவி அழுத்தம்):
பென்சீன்: 0.541 × 119 = 64.4
டொலுவீன்: 0.459 × 37 = 17.0
மொத்தம் 81.4. டால்டன் விதிப்படி (பகுதி அழுத்தம் ÷ மொத்த அழுத்தம்) ஆவியில் பென்சீன் 64.4/81.4 = 0.79, மீதி 0.21 டொலுவீன்.

விடையில் 0.541 என்றே எழுதிவிடாதீர்கள், அது திரவத்தின் இயைபு. எளிதில் ஆவியாகும் பொருள் ஆவியில் கூடுதலாக இருக்கவேண்டும்; இல்லையென்றால் எங்கோ தலைகீழாக வகுத்திருக்கிறீர்கள்.

புத்தக அட்டவணை பெரும்பாலும் 25 டிகிரிக்கானது (பென்சீன் 95, டொலுவீன் 28). நம்மூர் வெக்கைக்கு அதை எடுத்தால் மொத்த அழுத்தம் 64 என்று ரொம்பக் குறைந்துவிடும். ஆனால் ஆவியில் பென்சீன் ஏறக்குறைய அதே அளவு, 0.80தான் வரும், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது இரண்டு அழுத்தங்களின் விகிதம்.

எத்தனால்–தண்ணீருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது நல்லியல்புக் கரைசல் (ரௌல்ட் விதிக்குக் கட்டுப்படும் கரைசல்) இல்லை.